நான் ஓட்டிப் பார்க்காத நாடா

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் பல ரப்பர் தோட்டங்களை நிர்வகித்த ஒரு கம்பெனியின் சுங்கை பட்டாணி அலுவலகத்தில் நான் கணினி இயக்குபவராக இருந்தேன். அப்போது கணினி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். தகவல்களைச் சேமித்து வைக்கும் தட்டுகள், துணி துவைக்கும் இயந்திரம் அளவுள்ள பெட்டிக்குள் சுழன்றுகொண்டிருக்கும். செமிலிங் பக்கம், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் குடும்பத்தில் பிறந்த எனக்கு, அந்தக் குளிர் அறைக்குள் போவதே பெருமை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் தட்டில் இருப்பதையெல்லாம் காந்த நாடாவில் நகலெடுக்க வேண்டும். பிறகு நாடாவை மறுபடி ஓட்டி, பதிந்தது சரியாகப் பதிந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நகலெடுக்க ஒரு மணி நேரம், ஒப்பிட இன்னொரு மணி நேரம். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மதியம் தேவாலயத்தில் எனக்குப் பாடகர் குழுப் பயிற்சி. ஒரு வாரம் நேரமாகிவிட்டதே என்று, ஒப்பிடாமலேயே ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமும் அப்படியே செய்தேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஒரு திங்கட்கிழமை காலை பெட்டிக்குள் கரகரவென்று சத்தம். தட்டு கீறிப்போய்விட்டது. பினாங்கிலிருந்து வந்த பொறியாளர், நாடா இருக்கிறதே, பயப்பட வேண்டாம் என்றார். நாடா பாதிக்கு மேல் ஓடி, நின்றுவிட்டது. முந்தைய வாரத்து நாடாவும் அப்படித்தான். அதற்கு முந்தையதும் அப்படித்தான். எங்களிடம் இருந்தவை அந்த மூன்றுதான், மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோம். நகலெடுக்கும் கருவியே பல வாரங்களாகப் பழுதாக இருந்தது பின்னால்தான் தெரிந்தது.

நாடாக்களின் முன்பகுதியில் இருந்த தோட்டங்கள் தப்பின. கடைசியாகப் பதிந்த பாலிங் தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடு மட்டும் போய்விட்டது. பிறந்த தேதி, பெற்றோர் பெயர், வேலைக்குச் சேர்ந்த நாள் என்று இருநூறு பேருக்குக் கொஞ்சம் குறைவான ஆட்களின் விவரம். கறையான் அரித்த பழைய புத்தகங்களை, கணினியில் ஏற்றியதுமே எரித்துவிட்டிருந்தார்கள்.

நாடாக்கள் சரிபார்த்த பிறகு கெட்டிருக்கலாம் என்று பொறியாளர் அன்று சொன்னார். என் மேற்பார்வையாளர், ஒரு மலாய்க்காரர், என் கையெழுத்துள்ள படிவங்களைப் புரட்டிவிட்டுத் தலையாட்டினார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். சாப்பாட்டு நேரம் வரைக்கும் வாயைத் திறக்கவும் இல்லை. பிறகு அவர் மேசை முன்னால் போய் நின்று, மூன்று மாதமாக ஒரு வாரம்கூட நாடாவை ஓட்டிப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதுவேன், அந்தப் பதிவேடு திரும்பக் கிடைத்ததா இல்லையா என்பதையும் எழுதுவேன் என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை பாலிங் பஸ் ஏறினேன்.

தோட்டத்து அலுவலகத்தில் பெயர்களும் வேலை எண்களும் இருந்தன. மற்றதெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. நான் போன முதல் வீட்டிலேயே நாற்பது வயதுக்குக் கிட்ட உள்ள ஓர் அக்கா. பால்வெட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தார். இந்த மண்ணிலேயே பிறந்தவர், ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாததால் கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை. குடிமக்களுக்கான நீல ஐசிக்கு விண்ணப்பித்திருந்தார். பதினெட்டு நாளில் அலோர் ஸ்டாரில் நேர்முகம். இந்தத் தோட்டத்தில் எந்த நாளிலிருந்து இருக்கிறார் என்ற கம்பெனிக் கடிதத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் உண்மையைச் சொன்னேன். 

“எங்க பேரெல்லாம் மெசின்ல பத்திரமா இருக்கும்னு சொல்லித்தானே புக்க கொண்டு போனாங்க. நீ பாக்கவே இல்லியாம்மா?”

“பாக்கலக்கா. பாத்ததா கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்து நோட்டை மூடினேன். முகம் கழுவி, சேலை மாற்றி வந்தார்.

“எந்த வீட்டுல காயிதம் இருக்குன்னு எனக்குத் தெரியும்லா. வா.”

எட்டு நாள், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் லயமாக நடந்தோம். தகரப் பெட்டிகளிலிருந்து மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, திருமணப் பத்திரிகை எல்லாம் வெளியே வந்தன. அந்த அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு வீட்டைவிட்டு நகரவேண்டுமென்றால், நான் எழுதியதை அந்த வீட்டு ஆளுக்கு முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும். அந்த ஆள் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் அடுத்த வீடு. இரண்டாம் நாள் அவசரத்தில் ஒருவருடைய அப்பா பெயருக்குப் பதிலாகப் பெரியப்பா பெயரை எழுதியிருந்தேன். வாசித்ததால்தான் பிடிபட்டது. அன்று முதல் களைப்பாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

கடைசியில் எல்லாருக்கும் ஏதோ ஒரு தாள் கிடைத்தது, அந்த அக்காவுக்குத் தவிர. அவர் பெட்டி ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. தன்னோடு ஒரே நாளில், அடுத்தடுத்த எண்ணில் வேலைக்குப் பதிந்த தோழி ஒருத்தி மெர்போக்குக்குக் கல்யாணமாகிப் போனாள் என்று மட்டும் சொன்னார். மெர்போக்குக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை வீடு பூட்டியிருந்தது. இரண்டாம் முறை அந்தத் தோழி, சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து மஞ்சளேறிய பதிவுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் தேதி இருந்தது. எண், எங்கள் அக்காவின் எண்ணுக்கு ஒன்று முன்னால்.

மேற்பார்வையாளர் அந்தச் சீட்டையும் அக்காவின் வேலை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தானே பார்த்துவிட்டுத்தான் கடிதத்தில் கையெழுத்திட்டார். நேர்முகத்துக்கு மூன்று நாள் முன்பு அதை நான் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிவேட்டையும் புதிதாக ஏற்றி, நகலெடுத்து, இரண்டு முறை ஓட்டி ஒப்பிட்டோம். என் தவறையும், பதிவேடு திரும்பக் கிடைத்ததையும் மேற்பார்வையாளர் அறிக்கையில் எழுதினார். என் பதவி உயர்வு தள்ளிப்போனது. நியாயம்தான் என்று எனக்கே தெரிந்தது.

நீல ஐசி கிடைக்க அக்காவுக்கு இன்னும் இரண்டு வருடம் ஆனது. பாலிங்கிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ அலுவலகங்களில், எத்தனையோ பெரிய இயந்திரங்களோடு வேலை பார்த்துவிட்டேன். ஆனால் என் தவறைத் தெரிந்துகொண்ட பிறகும் தன் பெயரை என்னிடமே எழுதக் கொடுத்த அந்த அக்காவை நினைக்கும்போதெல்லாம், அந்த நம்பிக்கைக்கு நான் செய்யவேண்டிய வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் தோன்றுகிறது.