பூசணம் பிடிக்காத ஊரில் ஒரு தாள்

இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அலமாரியில் வைத்த ஒரு காகிதத்துக்குக்கூட இதுவரை பூசணம் பிடிக்கவில்லை. வந்த புதிதில் மாதம் ஒரு முறை கோப்புகளை எல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பேன். கேரளத் தேயிலை மலையில் இருக்கும் எங்கள் ஊர் வண்டிப்பெரியாரில் ஆனி, ஆடி மாதங்களில் அப்படித்தான் செய்வோம். எஸ்டேட் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். மழை தொடங்கிவிட்டால் செருப்பு, தலையணை, கோயிலுக்குக் கொண்டுபோகும் பாட்டுப் புத்தகத்தின் அட்டை என்று எல்லாவற்றின் மேலும் பச்சையாக ஒன்று படர்ந்துவிடும். இங்கே நியூரம்பெர்க்கில் என் காகிதங்கள் கடையில் வாங்கிய நாள்போலவே இருக்கின்றன. அது எனக்கு ஒருநாளும் பழகவில்லை. சென்ற மாதம் நான் செய்த காரியத்துக்கு வேறு காரணம் கிடையாது.

என் மகள் ஜெனிக்குப் பதினேழு வயது. இலையுதிர்கால விடுமுறையை இங்கே ஹெர்ப்ஸ்ட்ஃபேரியன் என்பார்கள். அந்த ஒரு வாரத்தில் வகுப்புத் தோழிகள் மூன்று பேருடன் ரயிலில் ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட் போய்வர வேண்டும் என்றாள். போகலாமா என்று கேட்கவில்லை. இந்த நாட்டுப் பிள்ளைகள் பெற்றோரிடம் தேதியைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். என் கணவர், "போகட்டும். இவ வயசுல நீ ஹாஸ்டல்ல இருந்த" என்றார். ஹாஸ்டலும் மூன்று நாடும் ஒன்றா என்று கேட்டேன். அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. உள்ளே போனால் கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஆகவே கவலைப்படும் பொறுப்பு வீட்டில் எனக்கு மட்டும்தான்.

ஜெனியின் வதிவிட அட்டை காலாவதியாகி, புதியது அச்சாகி வரவேண்டியிருந்தது. அதுவரைக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மடித்து வைக்கும் பச்சை நிறத் தாள், அதில் அவள் புகைப்படம், முத்திரை. பாஸ்போர்ட்டோடு அதையும் காட்டினால் எல்லை தாண்டித் திரும்பி வரலாம். அதைக் கையில் வாங்கியதுமே விரலால் தேய்த்துப் பார்த்தேன். இவ்வளவு மெல்லிய தாள், நாலு பெண்கள், முதுகுப்பை, தண்ணீர்ப் புட்டி, மழை. புறப்படுவதற்கு முந்தின நாள், அவள் பள்ளியில் இருந்தபோது, நகல் எடுக்கும் கடைக்குப் போய் அதை விரித்து லாமினேட் செய்யச் சொன்னேன். கடைக்காரப் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒரிஜினலா?" என்று கேட்டாள். போலி என்று சந்தேகப்படுகிறாள் என நினைத்து நிமிர்ந்து நின்று, "ஒரிஜினல்தான்" என்றேன். அவள் இன்னொரு முறை கேட்டாள். நானும் முன்னைவிட அழுத்தமாகச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு இயந்திரத்துக்குள் விட்டாள். சூடாக வெளியே வந்தபோது எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஜெனியின் பைக்குள் நானே வைத்தேன். அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த நிம்மதி என் அப்பாவிடமிருந்து வந்தது. எனக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த வருடம், இந்த ஊர்க்காரி என்ற சான்றிதழுக்காக வில்லேஜ் ஆபீசுக்கு அப்பாவோடு போயிருந்தேன். தகரப்பெட்டிக்குள் ஒழுகிய தண்ணீரில் எங்கள் ரேஷன் கார்டு ஊறிப் போயிருந்தது. அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதில் பேரு எவிடெ?" என்று மலையாளத்தில் கேட்டார். அப்பா என் தோளில் கை வைத்து, "பேரு இங்கன நிக்குது சார், பாத்துக்கிடுங்க" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்தானே, அங்கே போய் வாங்குங்கள் என்றார். அப்பாவே அந்த எஸ்டேட்டில் பிறந்தவர். எனக்கு ஒரு வருடம் போயிற்று. அதன்பிறகு அப்பா பக்கத்து டவுனான குமுளிக்குப் பஸ்ஸேறி, கையில் கிடைத்த காகிதத்தை எல்லாம் லாமினேட் செய்துகொண்டு வந்தார். ஞானஸ்நானச் சான்றிதழ், மார்க் லிஸ்ட், அம்மாவின் மருந்துச் சீட்டு. "இவர விட்டா கோழியையும் பிளாஸ்டிக்குள்ள போட்டுருவாரு" என்று என் கூடப்பிறந்த மெர்சி அக்கா சிரிப்பாள்.

ஐந்து நாட்கள் படங்கள் வந்தன. ப்ராகில் பாலம், வியன்னாவில் கேக், புடாபெஸ்டில் ஆற்றங்கரை. ஜெனி எங்கே இருக்கிறாள் என்று கைபேசியில் காட்டும் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் புள்ளி ஆஸ்திரிய எல்லையைத் தாண்டி ஜெர்மனியின் பாஸாவு ஸ்டேஷனுக்கு வந்தது. வந்து நின்றது. ரயில் நேரம் எனக்கு மனப்பாடம். பத்து நிமிடம், இருபது நிமிடம். அழைத்தேன், எடுக்கவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் அவள் தோழி லேனா அழைத்தாள். "பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை. ஜெனியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். தாளில் ஏதோ பிரச்சினையாம்." இந்த நாட்டில் நல்லதையும் கெட்டதையும் ஒரே தொனியில் சொல்கிறார்கள். மற்ற இருவரும் அதே ரயிலில் போய்விட்டார்கள், லேனா மட்டும் இறங்கி நிற்கிறாள். "தாள் ஏன் பளபளவென்று இருக்கிறது என்று கேட்டார்கள்" என்றாள். அசல் ஆவணத்தை லாமினேட் செய்யக்கூடாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடைக்காரப் பெண் இரண்டு முறை கேட்டது ஏன் என்பதும்.

பாஸாவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். உட்கார முடியாமல் கதவருகே நின்றேன். ஜெனி அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும், பிறகு பல்கலைக்கழகம். ஆவணத்தைத் திருத்தியவள் என்று ஒரு வரி எங்காவது பதிவாகிவிட்டால் அவள் கதி என்ன? இந்த நேரத்தில் மெர்சி அக்கா வண்டிப்பெரியாரிலிருந்து அழைத்தாள். ஜெனி ஸ்டேட்டஸில் போட்ட படங்களைப் பார்த்திருக்கிறாள்.

"ஏட்டி, பதினேழு வயசுப் பிள்ளைய நாலு தேசம் சுத்த விட்டிருக்கியே, குமுளிக்குத் தனியா பஸ்ஸேற நம்மள விட்டாகளா?"

"இல்லக்கா."

"எங்க இருக்கா இப்ப? போனக் குடு, பேசட்டும்."

"தோழிங்களோட இருக்காக்கா. அப்புறம் பேசச் சொல்றேன்."

"ஒங் கொரல் ஏன் இப்படிக் கெடக்கு?"

ரயில் சத்தம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

போலீஸ் அறையில் ஜெனி காகிதக் கோப்பையில் கோகோவோடு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் காவலர். அவருக்கு முன்னால், விளக்கொளியில் மின்னிக்கொண்டு, நான் லாமினேட் செய்த தாள். முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாது, உரித்துப் பார்க்கவும் முடியாது, ஆகவே இது செல்லாது என்றார். யாரும் மாற்றியிருக்கலாம் என்றார். பிறகு, "உங்கள் மகள் தானே இதைச் செய்ததாகச் சொல்லியிருக்கிறாள்" என்றார்.

நான் ஜெனியைப் பார்த்தேன். அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, நீ ஒண்ணும் சொல்லாத. உன் வேலைக்கு ஏதாவது ஆயிரும்" என்றாள்.

"என்ன சொல்கிறாள்?" என்று காவலர் கேட்டார்.

"என்னை எதுவும் சொல்ல வேண்டாம் என்கிறாள்" என்றேன்.

"அம்மா!"

"செய்தது நான். இவளுக்குத் தெரியவே தெரியாது."

காவலர் தட்டச்சை நிறுத்தினார். ஏன் செய்தீர்கள் என்றார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் எங்கோ ஓடிவிட்டது. "மழை" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. "இந்த மழையா?" "இல்லை, வண்டிப்பெரியார்." "அது யார்? உங்களிடம் இப்படிச் செய்யச் சொன்னவரா?" ஆமாம் என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. ஒரு விதத்தில் உண்மையும் அதுதான். ஊர்ப்பெயர் என்றேன். எழுத்தைச் சொல்லச் சொன்னார். வி, ஏ, என், டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு ஜெர்மன் போலீஸ் வாக்குமூலத்தில் எங்கள் ஊர் பதிவானது. பூசணத்தையும் ரேஷன் கார்டையும் அப்பா நின்ற நிலையையும் சொல்லச் சொல்ல, அவர் அதில் கால்வாசியைத்தான் எழுதினார்.

நியூரம்பெர்க்கின் வெளிநாட்டவர் அலுவலகம் வெள்ளிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும். கணினியில் பார்த்து வருகிறேன் என்று உள்ளே போனவர் முக்கால் மணி நேரம் வரவில்லை. அந்த முக்கால் மணி நேரமும் ஜெனி கோப்பையின் விளிம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, பதிவுகள் சரியாக இருக்கின்றன, மகள் மேல் எதுவும் இல்லை என்றார். தாயார் அறியாமையால் செய்தது என்று எழுதி, என்னிடம் கையெழுத்துக் கேட்டார். இருபது வருடமாக நர்ஸாக இருப்பவள் நான். அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். லாமினேட் செய்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வரை செல்லும்படி வெறும் வெள்ளைத் தாளில் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார்.

நடைமேடையில் லேனா எங்களுக்காகக் காத்திருந்தாள். ஜெனி அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நனஞ்சிரும்னு பயந்துட்டேன் பிள்ள."

"நாலு பேர்ல என்னை மட்டும் இறக்கினாங்க. பெட்டி முழுக்க என்னையே பாத்துச்சு. லேனாவோட ஜெர்மன் ஐடி கார்டு ஓரத்துல ஒடஞ்சு டேப் ஒட்டி வச்சிருக்கா. அதை யாரும் கையில வாங்கிக்கூடப் பாக்கல."

தூறல் வலுத்தது. அவள் அந்த வெள்ளைக் கடிதத்தை என்னிடம் நீட்டி, "இந்தா, நீயே வச்சுக்கோ. ஆனா அப்படியே வச்சுக்கோ" என்றாள். ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன். கசங்கிவிடும் என்று நியூரம்பெர்க் வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். எதிரே ஜெனி லேனாவின் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

திங்கட்கிழமை புதிய தாளும், பிறகு அட்டையும் வந்துவிட்டன. அந்தக் கடிதத்துக்கு இனி எந்தப் பயனும் இல்லை, ஆனாலும் கிழித்துப் போட மனம் வரவில்லை. அப்பா லாமினேட் செய்து கொடுத்த என் ஞானஸ்நானச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சான்றிதழின் பிளாஸ்டிக் ஒரு மூலையில் பிரிந்திருக்கிறது. அங்கே மூக்கை வைத்தால் வண்டிப்பெரியாரின் ஆடி மாதம் இன்னும் வருகிறது, அதே ஈரப் பூசண வாடை. அடுத்து மகளுக்காகக் காவலர் கொடுத்த கடிதத்தை எடுத்து மோந்து பார்க்கிறேன். அதில் எந்த வாசனையும் இல்லை.