கூப்பிடுவதாகச் சொன்ன டீச்சர்

சேலத்தை அடுத்த இளம்பிள்ளை ஊர்ப் பக்கத்தில் ஒரு மாதா கோயில். அதை ஒட்டிய நீள அறையில், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள், கணக்கு என்றாலே அழுகிறவர்கள். கொரோனாவில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்காகப் பாதர் உபகாரசாமி தொடங்கிய வகுப்பு, அப்புறம் நிற்கவே இல்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் தறி ஓட்டுகிற குடும்பத்துப் பிள்ளைகள். என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அங்கே பெரிய டீச்சர் அக்சிலியா. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தவள். லாரி மெக்கானிக் ஜெர்ரியைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். சப்பாத்தி மாவை உருட்டி 'ழ' செய்து காட்டுவாள். பிள்ளை பத்துத் தரம் தப்பாகச் சொன்னாலும் குரல் உயராது. "அக்சிலியா டீச்சர்கிட்ட விட்டா கல்லும் படிச்சிரும்" என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அவளுக்கும் பிடித்திருந்தது.

வெண்ணிலாவிடம்தான் அது பலிக்கவில்லை. எட்டு வயது. படிக்கச் சொன்னால் முதல் இரண்டு எழுத்தைச் சொல்வாள், பிறகு கண் எங்கோ போய்விடும். சத்தமாக முனகுவாள். ஆனால் டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் அறைக்குள் நடப்பாள்.

ஒருநாள் பாதர் சொன்னார், "சேலத்துலருந்து சிலபேர் வகுப்பைப் பாக்க வராங்கம்மா. அவங்களுக்குப் பிடிச்சா இன்னும் ரெண்டு ஊர்ல ஆரம்பிக்கலாம். பிள்ளைங்க எப்பவும்போல இருக்கட்டும்."

எப்பவும்போல இருக்க அக்சிலியாவுக்கு மனம் வரவில்லை. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வெண்ணிலாவின் அம்மா மஞ்சுளாவைக் கூப்பிட்டாள். "நாளைக்கு அவ வரவேண்டாம். கூட்டமா இருக்கும், பயந்துக்குவா."

"சரிங்க டீச்சர்" என்றாள் மஞ்சுளா.

மறுநாள் விருந்தாளிகளின் கார் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வெண்ணிலா கேட்டில் நின்றாள். அம்மா தறி ஓட்ட ஆரம்பித்ததும் தானாகவே கிளம்பி வந்திருந்தாள். தலையில் கனகாம்பரம், பொங்கலுக்கு எடுத்த பாவாடை.

"டீச்சர், நானும் படிக்கறனுங்க. ஊட்டுல படிச்சுப் பாத்தேன்."

அக்சிலியா அவள் கையைப் பிடித்து, கோயில் நாற்காலிகளை அடுக்கி வைக்கும் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். கலர் பென்சில் கொடுத்தாள். "இங்கயே இரு கண்ணு. நான் கூப்பிடறேன்."

கூப்பிடவில்லை.

பிள்ளைகள் அழகாகப் படித்தார்கள். வந்தவர்கள் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். கிளம்பும்போது ஒரு அம்மா கேட்டார், "எல்லாப் பிள்ளைங்களும் வந்திருக்காங்களா?"

"வந்திருக்காங்க மேடம்" என்றாள் அக்சிலியா.

கார் போன பிறகு பின்னறைக்கு ஓடினாள். வெண்ணிலா ஒரு நாற்காலிமேல் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அங்கிருந்து வகுப்பு முழுவதும் தெரியும்.

"போட்டோ எடுத்துட்டாங்களா டீச்சர்?"

வெண்ணிலா இறங்கினாள். "நான் தப்பாப் படிப்பேன்னுதானுங்களே?" என்றாள். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு முந்தானையைப் பிடிக்காமல் தனியாக நடந்து வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. பாராட்டி வந்த போன்களைக்கூட அக்சிலியா எடுக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்து அவர்கள் வீட்டுக்கே போனாள். மஞ்சுளா தறியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"வாங்க டீச்சர். வயித்த வலிக்குதுன்னு சொல்லீட்டே இருக்கறாளுங்க. நாளைக்கு அனுப்பறனுங்க."

குழந்தை எதையும் சொல்லவில்லை என்று அப்போதுதான் அக்சிலியாவுக்குப் புரிந்தது. அப்படியே விட்டிருக்கலாம். விட முடியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், மேடத்திடம் சொன்ன பொய்யையும் சேர்த்து.

மஞ்சுளா சத்தம் போடவில்லை. "பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தானுங்க. ஆபீசருங்க வந்தா இவள ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. இங்கயாவது..." என்று நிறுத்தினாள். மீதியைச் சொல்லாமல் போய்த் தறியை ஓட்டிவிட்டாள். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் பேச வழியில்லை.

உள்ளே பாயில் வெண்ணிலா உட்கார்ந்திருந்தாள். அக்சிலியா அவள் எதிரில் உட்கார்ந்து, காதருகே குனிந்து, "டீச்சர் பண்ணது தப்பு சாமி. என்னை மன்னிச்சுக்க" என்றாள். வெண்ணிலா, "சரிங்க டீச்சர்" என்றாள். அம்மா சொல்வது மாதிரியே இருந்தது.

அன்றே பாதரிடம் போய் எல்லாம் சொல்லி, "நான் நின்னுக்கறேன் பாதர்" என்றாள்.

"நின்னுட்டா உனக்குச் சுலபம். அந்தப் பிள்ளைக்கு அதுல என்ன கிடைக்கும்? மொதல்ல சேலத்துலருந்து வந்த அந்தம்மாவுக்குப் போன் போட்டு உண்மையச் சொல்லு" என்றார் பாதர்.

போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா, "உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை" என்று மட்டும் சொன்னார். ஆனாலும் வேறு ஊர்களில் வகுப்புகள் தொடங்கின. தன் பெயர் கெட்டிருந்தால்கூட அக்சிலியாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெண்ணிலா திரும்ப வந்தாள். இப்போது சின்ன டீச்சர் ரஞ்சனியின் பாயில்தான் உட்காருகிறாள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிக்கிறாள். ஆடியில் ஒரு முழுப் பக்கம் படித்து முடித்தாள். அக்சிலியா பக்கத்தில் வந்தால் புத்தகம் மூடிக்கொள்கிறது. அதனால் வெண்ணிலா படிக்கும் நேரம் வந்தால் அக்சிலியா கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழித்த இடத்தையே அழித்துக்கொண்டு, முதுகால் கேட்கிறாள்.