மைக் நல்லதா இரிக்கணும்

“இதத் தலைமாட்டில வச்சிக்கிட்டா படுக்கிறீங்க?”

“நான் இல்ல. என்ட ராத்தா.”

“பேட்டரியப் பாருங்க தம்பி. பொரிச்ச பப்படம் மாதிரி ஊதிக் கிடக்கு. இனிச் சார்ஜில போட்டா நெருப்புத்தான். இதுக்குச் செய்ய ஒண்டுமில்ல. புதுசு எடுங்க.”

கல்முனை பஸாரில் போன் கடை வைத்திருக்கும் வினோஜ் அண்ணன், என் அக்காவின் போனை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். எடுத்த பிறகும் திரை தானாக ஒளிர்ந்தது. யாரோ விரலால் தள்ளுவதுபோல் ஒரு பக்கம் நகர்ந்தது. பிறகு அணைந்தது.

“டச்சும் போச்சு. தானா வேலை செய்யுது,” என்றார்.

இது போன நவம்பரில் நடந்தது. நான் மொழிபெயர்ப்பு நாவல்களாக வாசித்துத் தள்ளுகிறவன். அந்த நாவல்களில் இறந்துபோனவர்கள் வெகு சாதாரணமாகத் திரும்பி வருவார்கள். மேசையில் உட்கார்ந்து சூப் குடிப்பார்கள். வாசிக்கும்போது பயம் வராது, இனிமையாகக்கூட இருக்கும். அதனால்தான் இதையும் நான் கற்பனை செய்துகொண்டதாக நண்பர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். கற்பனையாக இருந்தால் இதைவிட அழகாகச் செய்திருப்பேன். இதில் அழகு எதுவும் இல்லை. நடந்தது மட்டும்தான் இருக்கிறது.

என் பெயர் பஸால். வீடு மருதமுனையில். உம்மா, நான், ராத்தா பஸ்மிலா. ராத்தாவின் கணவர் றிஸ்மி மச்சானும் எங்களோடுதான் இருந்தார். இறக்காமத்தில் அவருக்கு வயல். செப்டம்பரில் கதிர் முற்றிய நேரம் யானைக் காவலுக்குப் போனவரை, மறுநாள் நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து ராத்தா, கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில். நான்கு மாதமும் பத்து நாளும் அவள் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். அவளுக்கென்று போன் தெரிவு செய்ய நான்தான் போக வேண்டும்.

புறப்படும்போது கூப்பிட்டுச் சொன்னாள்.

“நிறம், மாடல் எல்லாம் உன்ட விருப்பம். விடியும்வரைக்கும் சார்ஜ் நிக்கணும். மைக் நல்லதா இரிக்கணும். அவர்ர குரல் ஒண்டும் அழியக் கூடா.”

மச்சான் வயலிலிருந்து வாட்ஸப்பில் அனுப்பிய குரல் செய்திகள் அந்தப் போனில் இருந்தன. ‘யானை வந்திட்டுப் போயிட்டு, பயப்படாத’, ‘தேத்தண்ணிப் போத்தல மறந்திட்டன்’, இப்படி. ராத்தா பகல் முழுவதும் அவற்றையே கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

வாசலில் உம்மா என் கையைப் பிடித்தார்.

“புதுசு வாங்கு மகன். ஆனா பழசு ஒண்டையும் அதுக்குள்ள ஏத்திக்கொண்டு வராத. அந்தக் குரலக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் சோறு தண்ணி இல்லாமக் கிடக்காள். இப்பிடியே போனா இவளையும் நான் பறி குடுத்திருவன்.”

இரண்டு பேருக்கும் ‘ஓம்’ சொல்லிவிட்டுத்தான் நான் சைக்கிளில் ஏறினேன்.

வினோஜ் அண்ணன் மூன்று போன்களை வரிசையாக வைத்தார்.

“இதில கமறா திறம்.”

“இத்தாவில இரிக்கிற ஆளுக்குக் கமறா என்னத்துக்கு?”

“சரி, அப்ப இது. கேம் ஓடும்.”

“அண்ணன்!”

“பகிடிக்குத்தான் தம்பி. என்ன வேணுமெண்டு நீங்களே சொல்லுங்களன்.”

“சார்ஜ் விடியும்வரைக்கும் நிக்கணும். மைக் நல்லதா இரிக்கணும்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “மோசம் போன உங்கட மச்சான்ர குரலக் கேக்கத்தானே எண்டீங்க?”

“ஓம்.”

“கேக்கிறதுக்கு ஸ்பீக்கர்தானே வேணும். மைக் என்னத்துக்கு?”

ராத்தா சொன்னாள், அவ்வளவுதான்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, பழைய போனையும் கடைசியாகக் காட்டிய கறுப்புப் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ரெக்கோடரைப் போட்டார். குனிந்து, மெல்லிய குரலில், “ஒண்டு… ரெண்டு…” என்றார். பிறகு எனக்குப் போட்டுக் காட்டினார்.

பழையதில் அவர் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவதுபோல் இருந்தது.

புதியதில் என் காதுக்குள் வந்து சொன்னார். எச்சில் விழுங்கிய சத்தம்கூடக் கேட்டது.

“பாத்தீங்களா? நிண்டது ஒரே இடம். மைக் பழுதாப் போனா பக்கத்தில நிக்கிறவனும் தூரத்தில நிக்கிற மாதிரித்தான்.”

கறுப்பையே எடுத்தேன்.

அவர் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, “வாட்ஸப் எல்லாம் வந்திட்டு. ரெக்கோடிங்கும் ஏத்தவா? நிறையக் கிடக்கு,” என்றார்.

“என்ன ரெக்கோடிங்?”

“ஆருக்குத் தெரியும்? ராவு முழுக்க ஓடியிரிக்கு. ஒரு சிலது இடையில நிண்டிரிக்கு. டச் தானா அமத்தியிரிக்கும். அழிச்சிடவா?”

உம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு ராத்தாவின் முகம்.

“ஏத்துங்க,” என்றேன்.

வீட்டுக்கு வந்து புதிய போனைக் கொடுத்தபோது ராத்தா திரையைப் பார்க்கவில்லை. திருப்பி, கீழ் விளிம்பில் இருக்கும் அந்தச் சின்னத் துளையை விரலால் தடவினாள்.

“மைக் நல்லமா?”

“நல்லம்.”

சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

பழைய போன் என் அறையில் இருந்தது. துணி எதுவும் படாத இடமாகப் பார்த்து ஜன்னல் திட்டில் வைத்திருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. கையில் நாவல். ஆனால் ஒரே பக்கத்தையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

மணி 11.40. இயர்போனை மாட்டினேன். ரெக்கோடிங்கில் கண்ணில் பட்ட ஒன்றைத் திறந்து, கடைசிப் பகுதிக்குத் தள்ளினேன்.

மின்விசிறி. டக்… டக்… டக்…

ராத்தாவின் குறட்டை.

அந்தக் குறட்டை எங்கள் வீட்டில் பெரிய பகிடி. காவல் முடிந்து மச்சான் சுபஹுத் தொழுகைக்கு முன்னமே வந்துவிடுவார். மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடிக்கமாட்டார். போனில் கூப்பிடமாட்டார். கேற்றுக்கு வெளியே நின்று ஸலாம் சொல்லுவார். பதில் இல்லையென்றால் இன்னொரு தரம். பிறகு இன்னொரு தரம். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் திரும்பித் தொழப் பள்ளிக்குப் போய்விடுவார். அதற்கு மேல் கூப்பிடுவது முறையில்லை என்பார். ராத்தா ஒருநாளும் எழும்பியதில்லை. “உன்ட ராத்தாவ எழுப்புறதவிட யானையத் துரத்துறது லேசுடா,” என்று என்னிடம் சொல்லுவார். புத்தகத்தோடு விழித்துக் கிடக்கும் நான்தான் போய்க் கேற்றைத் திறப்பேன்.

டக்… டக்… டக்…

“அஸ்ஸலாமு அலைக்கும்…”

தூரத்தில். கேற்றுக்கு வெளியே நிற்பதுபோல். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. மச்சான்தான்.

அவர் இருந்த காலத்தில் தவறுதலாகப் பதிவாகியிருக்கிறது என்று நினைத்தேன். பாவம் ராத்தா, இதற்காகத்தான் போனை விடாமல் வைத்திருந்தாள் என்றும் நினைத்தேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும்…”

இரண்டாவது. அதன் வாலில் ஏதோ ஒரு முணுமுணுப்பு. விளங்கவில்லை. மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

விசிறி ஓடியது. பிறகு பள்ளியில் பாங்கு. பதிவு முடிந்தது.

திரையில் தேதியைப் பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை.

வியாழனைத் திறந்தேன். விசிறி, குறட்டை… இரண்டு ஸலாம். புதனைத் திறந்தேன். இரண்டு ஸலாம். அதற்கு முந்தைய வாரம். அதற்கும் முந்தையது. எல்லாம் விடியக்காலை 4.10க்கு.

எதிலும் மூன்றாவது இல்லை.

சின்ன வயதிலிருந்து உம்மா சொல்லுகிற ஒன்று இருக்கிறது. “ராவையில வாசல்ல ஆரும் கூப்பிட்டா முதலாவதுக்கு வாயத் திறக்காத. ரெண்டாவதுக்கும் திறக்காத. மனுசன்தான் மகன் மூணு தரம் கூப்பிடுவான். மற்றது ரெண்டோட நிப்பாட்டிரும். நீ பதில் சொன்னாத்தான் அதுக்கு வழி.”

நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

அன்றிரவு தூங்கவில்லை. 3.50க்கு எழும்பி ஹோலுக்குப் போனேன். லைற் போடவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில், கேற்றைப் பார்த்தபடி நின்றேன். மழை விட்டிருந்தது. தெரு லைற் வெளிச்சத்தில் கேற்று தெளிவாகத் தெரிந்தது. அதன் கீழே தெருநாய் சுருண்டு படுத்திருந்தது.

எனக்குப் பின்னால் ராத்தாவின் அறை. கதவுக்குத் திரை மட்டும்தான்.

4.05.

கேற்றில் யாரும் இல்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

4.09.

நாய் அசையவில்லை.

4.10.

யாரும் இல்லை… யாருமே இல்லை. பிடித்திருந்த மூச்சை விட்டேன். எல்லாம் பழுதாய்ப்போன போனின் வேலை. பழைய சத்தம் ஏதோ தேதி மாறி விழுந்திருக்கிறது. விடிந்ததும் வினோஜ் அண்ணனிடம் கேட்க வேண்டும்…

“அஸ்ஸலாமு அலைக்கும்…”

கேற்றிலிருந்து அல்ல.

எனக்குப் பின்னாலிருந்து.

திரைக்கு உள்ளிருந்து.

ஸலாமுக்கு ‘வ அலைக்குமுஸ்ஸலாம்’ என்று பதில் சொல்ல யோசிக்கத் தேவையில்லை. பேசப் பழகிய நாளிலிருந்து வாயில் இருப்பது. அது தானாக வந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

“வ…”

கையால் வாயைப் பொத்தினேன். பல் உதட்டில் இறங்கியது. இரத்தம் உப்புக் கரித்தது.

டக்… டக்…

ராத்தாவின் குறட்டை நிற்கவில்லை.

“அஸ்ஸலாமு அலைக்கும்…”

இன்னும் மெதுவாக.

பிறகு அந்த முணுமுணுப்பு.

நான் திரும்பவில்லை.

டக்…

டக்…

மூன்றாவது வரவில்லை. போகும் காலடியும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு சொன்னார்கள். அதன் பிறகுதான் கை வாயிலிருந்து இறங்கியது.

வெளிச்சம் வந்ததும் குசினிக்குப் போனேன். உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“உம்மா… மௌத்தானவங்க திரும்பி வருவாங்களா?”

“வாறல்ல மகன்.” தலை நிமிரவில்லை. “வந்தா, அது அவங்க இல்ல.” பிறகு என் உதட்டைப் பார்த்தார். “அது என்ன ரெத்தம்?”

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ராத்தா கூப்பிட்டாள்.

“தம்பி… இஞ்ச வா.”

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வெறும் தட்டு. வைத்த ரொட்டி முழுவதையும் சாப்பிட்டிருந்தாள். கன்னத்தில் புதிய போன்.

“கதவ மூடு,” என்றாள். திரைதான் இருக்கிறது என்பதை மறந்துவிட்டாள்.

“என்ன ராத்தா?”

“உம்மாக்குச் சொல்லாத. அவர் போன மூணாம் நாள் அந்தப் பழைய போன் தானா அவர்ர குரலப் புடிச்சிரிக்கு. நான் காலையில கேட்டன். மறுகா ஒவ்வொரு ராவும் நானே ரெக்கோடரப் போட்டிட்டுத்தான் படுக்கன். எனக்குத்தான் முழிப்பு வராதே. நான் நித்திரையாக் கிடக்கக்குள்ள வந்து பாத்திட்டுப் போறாரு…”

“ராத்தா…”

“பழசில தூரத்திலதான் கேட்டிச்சு. வாசல்ல நிக்கிறாரெண்டு நினைச்சன். ஸலாத்துக்குப் பிறகு என்னமோ சொல்றாரு, அது மட்டும் விளங்கல்ல. சில நாளைக்கு அதுக்கிடையில சார்ஜும் செத்துரும். அதுக்குத்தான்டா நல்ல மைக் கேட்டன்.”

போனை என் காதில் வைத்தாள்.

புதிய போன் நன்றாகவே பிடித்திருந்தது. விசிறி மேலே, விலகி ஓடியது. ராத்தாவின் குறட்டை அதற்குக் கீழே. தலையணை சரசரக்கும் சத்தம்.

அதற்கும் கிட்ட, போனுக்கு ஒரு விரல் தூரத்தில்… இன்னொரு மூச்சு.

“அஸ்ஸலாமு அலைக்கும்…”

என் காதுக்குள்.

ஹோலிலிருந்து என்னுடைய “வ…” சின்னதாகக் கேட்டது. அந்த இடத்தில் மூச்சு நின்றது. யாரோ தலையைத் திருப்பிக் கேட்பதுபோல்.

“அஸ்ஸலாமு அலைக்கும்…”

பிறகு அந்த முணுமுணுப்பு. இந்தத் தடவை ஒரு எழுத்தும் தப்பவில்லை.

“பஸால்… திற.”

கேற்று வெளியே இருக்கிறது. குரல் உள்ளே இருந்தது. எதைத் திறக்கச் சொல்கிறது?

ராத்தா போனை எடுத்துத் திரையைத் துடைத்தாள். பிறகு பேசினாள். குரலில் சிறு பொறாமை இருந்தது.

“இவ்வளவு நாளும் என்னத்தான் கூப்பிடுறாரெண்டு நினைச்சன். உன்னைத்தான் தேடுறாரு. நீதானே எப்பவும் எழும்பித் திறந்து விடுவாய்…”

என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

“இண்டைக்கு ராவைக்கு ஒரேயொருக்கா, அவர்ர ஸலாத்துக்குப் பதில் சொல்லு தம்பி.”