ஐந்தாம் நாளை அடித்தவர்

மார்ச் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஆறு இருபதுக்கு, எங்கள் சமையலறைத் தராசில் பல் தேய்க்கும் பிரஷை எடை போட்டுக்கொண்டிருந்த என் மைத்துனர், மறுகையால் பென்சிலை எடுத்து, எங்கள் பயணத் திட்டத்தின் ஐந்தாம் நாளை ஒரே கோட்டில் அடித்தார். என்னைக் கேட்கவில்லை, காரணமும் எழுதவில்லை. அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பிரஷ் பதினேழு கிராம். கைப்பிடியைப் பாதியாக அறுத்தார். ஒன்பதாயிற்று.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருக்கும் கட்டடம் உட்பட முப்பத்தொரு கட்டடங்கள் அவர் பொறுப்பில் உள்ளன. 'எட்டுப் பேர் ஏறலாம்' என்று தகட்டில் பொறித்திருந்தாலும் ஆறு பேருக்கு மேல் ஏற விடமாட்டார். ஏழாவதாகக் கால் வைப்பவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், "சார், நீங்க அடுத்த ட்ரிப்ல வாங்க" என்பார். உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு 'ஆறு பேர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பயணப் பைக்கும் அதே சட்டம்தான்: பத்துக் கிலோ தாங்கும் என்றால் எட்டு. அதற்கு மேல் ஒரு கிராம் கூடாது.

தூரத்தை மாடிக் கணக்கில்தான் சொல்வார். "ஸ்டேஷன் பக்கம்தான் மாமா, ஒரு நூறு மாடி இருக்கும்." நாங்கள் போகவிருக்கும் நாடு மிகப் பெரியது. அதன் வரைபடம் அவர் அறைச் சுவரில் அடங்காமல் கதவின்மேல் நீள்கிறது. கதவைத் திறந்தால் கிழக்கு மாகாணங்கள் நம்மோடு உள்ளே வந்துவிடும். ஒன்பது நாளில் அதன் தென்மேற்கு மூலையை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தவர் அவர்தான். "எல்லாத்தையும் பாக்கணும்னா எதையும் பாக்க மாட்டோம்." எங்களில் எவரும் இதுவரை எல்லை தாண்டியதில்லை. திட்டம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. "நீங்க ரெண்டு பேரும் கிளம்புறதுக்குள்ள அந்த நாடே காலி பண்ணிட்டுப் போயிடும்" என்பாள் என் மனைவி, அதாவது அவருடைய அக்கா.

ஐந்தாம் நாள் என்பது பதினெட்டு கிலோமீட்டர் நடை. மேட்டில் ஏறி ஓர் ஏரியை அடைய வேண்டும். அந்நாட்டு மொழியைப் பழைய புத்தகம் ஒன்றை வைத்து நானாகவே கற்றேன். அதன் முதல் பாடத்தின் முதல் வாக்கியம், 'ஏரிக்குப் போகும் வழி எது?' பதினோர் ஆண்டுகளாக அதைச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியும். கேட்பதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. மற்ற எட்டு நாட்களிலும் ஏரி கிடையாது.

அடித்ததற்கான காரணத்தை நானே தேடினேன். மார்ச் இரண்டு முதல் ஐந்து வரை எங்கள் லிஃப்ட்டில் 'பழுது' என்ற பலகை தொங்கியது. ஆறாம் மாடிக்கு நான் படியேறினேன். காவலாளி அறையிலுள்ள பழுதுப் பதிவேட்டை மறுவாரம் பன்னிரண்டாம் தேதி பார்த்தேன். அந்த நான்கு நாட்களுக்கும் ஒரு வரிகூட இல்லை. பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"லிஃப்ட்டுக்கு என்ன கோளாறு?"

"லிஃப்ட்டுக்கு ஒண்ணும் இல்ல மாமா. செக்கிங் உங்களுக்கு."

சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். 'நாலாம் மாடியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்தார். போன் பேசுவதுபோல் நடித்தார்.' கடைசி வரியை நான் மறுக்கவில்லை.

"அடப்பாவி! உன் செக்கிங்குக்கு நான் நாலு நாள் காய்கறிப் பையோட ஏறினேனேடா!" என்றாள் மனைவி.

"நீ எங்கயும் நிக்கலக்கா. பேசாம நீ வா, மாமா இருக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "லிஃப்ட் நடுவுல நின்னா நான் வந்து திறந்துவிடுவேன். ஆறாயிரம் மாடி தூரம் மாமா அது. அங்க நீங்க நின்னுட்டா யாரு வருவா?"

மறுநாளிலிருந்து லிஃப்ட் ஓடும்போதே, எட்டுக் கிலோப் பையோடு படியேறினேன். பதினெட்டு நாட்கள், நேரமும் காவலாளியின் கையொப்பமும் உள்ளன. கடைசி ஐந்து நாட்களில் எங்கும் நிற்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதி அவற்றை இணைத்து, ஐந்தாம் நாளை மீண்டும் சேர்க்கக் கோரி இரண்டு பக்கக் கடிதம் கொடுத்தேன்.

அவர் நின்றபடியே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். கடிதத்தைத் தராசில் வைத்து, "பத்து கிராம்" என்றார். பின் என் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டில்கள் இரண்டையும் உருவித் தம் பையில் செருகினார். இரண்டு கிலோ. அவர் பையில் ஏற்கெனவே எட்டு இருந்தது. எடை போட்டுப் பார்க்காமலே பட்டையை இழுத்து மாட்டினார்.

இதை நான் பதிலாக ஏற்க இயலாது. ஐந்தாம் நாள் உண்டா, இல்லையா? அவர் இந்த இதழின் வாசகர். ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.