கேதீஸ்வரன் மறுத்து எழுதிய கட்டுரை

கேதீஸ்வரனின் ஞாபகசக்தியைச் சும்மா சொல்லக்கூடாது. ஒருமுறை கேட்டதை அப்படியே ஒப்புவிப்பார். யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் வாத்தியாராக இருந்த மனிதர், 1976இல் மெல்பேர்னில், நாற்பத்துநாலு வயதில், பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மறுபடி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க ஒரேயொரு பாடம்தான் பாக்கி: மேற்கத்திய அரசியல் சிந்தனை. அதில் கோட்டைவிட்டால் ஆயுளுக்கும் பிஸ்கட்தான்.

மாலை வகுப்பு எடுத்த ஜேன் இவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் சொன்ன அத்தனையையும் மனுசன் கரைத்துக் குடித்தார். அறிவுள்ளவனே ஆளவேண்டும் என்ற பழைய கிரேக்கர்கள், அரசனைக் கடவுளே அனுப்பினார் என்ற பாதிரிமார், இல்லையில்லை, மக்கள் சம்மதித்தால்தான் அது அரசு என்றவர்கள், கடைசியில் பிறருக்குக் கெடுதல் செய்யாதவரை ஒருவனை அவன் போக்கில் விடு என்ற தாராளவாதிகள் என்று ஒரு சொல் பிசகாமல் கட்டுரையில் இறக்கிவைத்தார். ஊரில் என்றால் அதற்கு முதல் மார்க்.

ஜேன் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். "இதெல்லாம் நான் சொன்னது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இதற்குத் தேர்ச்சி போட முடியாது. அடுத்த வாரத்துக்குள் திரும்ப எழுதுங்கள்."

வீட்டுக்கு வந்தவர் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். "வாத்தியார் சொன்னதுக்கு மேல நான் என்னத்தை நினைக்கிறது?"

"பெரும்பான்மை வாக்குத்தான் சுதந்திரத்தின்ர உச்சம் எண்டு அவ சொன்னதுக்கு மூண்டு நாளாப் புறுபுறுத்துக்கொண்டு திரிஞ்சியள்," என்றார் மனைவி செல்வராணி. "அதை எழுதுங்கோவன்."

"அது வாத்தியார் பிழை எண்டு எழுதுற மாதிரியெல்லே."

"பிழையெண்டால் பிழைதானே."

எழுதினார். எங்கள் நாட்டில் தலைகளை எண்ணித்தான் என் மொழியை அரசாங்க அலுவலகங்களிலிருந்து வெளியே தள்ளினார்கள். எண்ணிக்கை மட்டும் சுதந்திரம் ஆகாது. சிறு தொகையினரைக் காக்கச் சட்டத்தில் ஒரு வேலி வேண்டும். ஆகவே விரிவுரையாளர் கூறியது தவறு. அந்தக் கடைசி வரியை நாலு தரம் வெட்டி, ஐந்தாம் தரம் விட்டுவைத்தார்.

கட்டுரை திரும்பி வந்தபோது பிரித்துப் பார்க்கவே பயம். அடியில் ஜேன் எழுதியிருந்தார்: "உங்களோடு எனக்கு இன்னும் உடன்பாடில்லை. எண்பத்திரண்டு. வகுப்பில் இதுதான் அதிகம்."

டிராமில் வரும்போதே மனுசனுக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டு வாசலிலேயே அதைச் செல்வராணியிடம் நீட்டினார்.

"பிழை எண்டு சொன்னவனுக்கு மார்க்கை அள்ளித் தந்திருக்கிறா. இந்தப் பிள்ளை நல்லா இருக்கோணும். நீ என்ன நினைக்கிறாய் எண்டு என்னட்டைக் கேட்ட முதல் ஆள் அவதான்." கட்டுரையைத் திரும்ப வாங்கி மடித்தார். "இவ்வளவு காலம் படிப்பிச்சன், செல்வராணி. நான் ஒரு பிள்ளையிட்டையும் அதைக் கேட்டதில்லை. இனிக் கேக்கலாம்."