ஐவியின் வெட்டுப்பட்ட வசனம்

இங்கிலாந்தில் பர்ன்லி என்கிற ஆலை ஊரில் தறி ஓட்டிக்கொண்டே நாடகம் எழுதியவள் ஐவி ஹார்கிரீவ்ஸ். பதினாலு வயதில் பஞ்சாலைக்குப் போனவள். சாயங்காலம் உருளைக்கிழங்கு வேகிற நேரத்தில் அடுப்படியிலேயே உட்கார்ந்து எழுதுவாள். எட்டு நாடகம் அனுப்பினாள், எட்டும் திரும்பி வந்தது. அவளுக்கு முப்பத்தெட்டு வயதானபோது ஒன்பதாவதை உள்ளூர்க் கொட்டகைக்காரர் திரல்ஃபால் எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் எந்த நாடகமும் லண்டனில் அரசாங்க அதிகாரிகள் படித்துப் பார்த்து முத்திரை போட்ட பிறகுதான் மேடை ஏறும். ஐவியின் நாடகம் ஒரே ஒரு வரியை மட்டும் பேசக்கூடாது என்று நீலப் பென்சிலால் அடித்து வந்து சேர்ந்தது. ஆலை மேஸ்திரியின் பெண்டாட்டியிடம் ஒரு நெசவுக்காரி, "என் வயித்துல இருக்கறது உன் புருஷன் பிள்ளை" என்று சொல்கிற வரி. அதுதான் நாடகமே. அதை எடுத்துவிட்டால் மீதி ரெண்டு மணி நேரமும் வெறும் சளசளப்பு.

திரல்ஃபால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அந்த வரி ஒருத்தர் காதில் விழுந்தாலும் கொட்டகை உரிமம் போய்விடும், நாடகத்தையே நிறுத்திவிடலாம் என்றார்.

"காதுல விழுந்தாத்தானே?" என்றாள் ஐவி.

ஆலைக்குள் அறுநூறு தறி ஓடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் நெசவுக்காரிகள் சத்தமே இல்லாமல் வாயை அகல அகல அசைத்துப் பேசுவார்கள். பத்துத் தறி தள்ளி நிற்பவள் உதட்டைப் பார்த்தே ஊர் வம்பு முழுவதும் தெரிந்துகொள்வாள். நடிகையை ஒரு வாரம் தன் அடுப்படியில் உட்காரவைத்து அந்தப் பேச்சைப் பழக்கினாள் ஐவி.

முதல் நாள். லண்டனிலிருந்து வந்த அதிகாரி மூன்றாவது வரிசையில், மடியில் முத்திரை போட்ட பிரதியோடு. சுற்றிலும் ஆலைப் பெண்கள். ஐவி படுதா ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்தது. நடிகை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை. உதடு மட்டும் ஒவ்வொரு சொல்லாக அசைந்தது.

கொட்டகை மொத்தமும் மூச்சை இழுத்தது. மாடியில் ஒருத்தி அழுதேவிட்டாள்.

அதிகாரி பிரதியை முன்னும் பின்னும் புரட்டினார். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று பக்கத்திலிருந்த நெசவுக்காரி மேகியிடம் குனிந்து கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலியே, ஐயா. உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்குது?"

ஒரு வாரத்துக்கென்று போட்ட நாடகம் பதினோரு வாரம் ஓடியது. சினிமாக்காரர்கள் தேடி வந்தார்கள். தறியை விட்டுவிட்டுத் திரைக்கதை எழுத உட்கார்ந்தாள். சினிமாவுக்கு அந்தத் தடை இல்லை, வசனத்தை வாய்விட்டே பேசவைக்கலாமே என்றார் படமெடுக்கிறவர்.

ஐவி ஒத்துக்கொள்ளவில்லை, படத்திலும் அந்த வரி உதட்டசைவாகவே இருக்கட்டும் என்றாள். "எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்குப் புரிஞ்சுது. மத்தவங்க கத்துக்கட்டும்."