பேர் எழுதாத வள்ளம்

கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் வள்ளத்துக்கு அடிக்கும் பெயிண்ட் வாசம் வந்தது. சின்ன வயதில் எங்கள் அடுப்பிலிருந்து வந்த வாசம் அது.

அப்போது திரேஸ்புரத்தில் வள்ளங்களுக்குப் பேர் எழுதியவர் சூசை மாமா. யாரிடமும் வரையப் படிக்காதவர். மிஞ்சிய பெயிண்டை வைத்துக் கை போன போக்கில் பலகைகளில் சேவலும் மாதாவும் உப்பளமும் வரைவார். ஒரு நாள் எங்கள் வள்ளத்தை வரைந்து தந்தார். பாயில் போட்ட ஒட்டுகூட அப்படியே இருந்தது. பேர் மட்டும் இல்லை.

"ஏலே சூசை, பேரை எங்க?" என்று அப்பா சிரித்தார்.

"எழுதத்தான் பாத்தேன். கை போவல."

அந்த வாரம் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மா அந்தப் பலகையை அடுப்பில் வைத்தாள். அன்றைய கஞ்சியெல்லாம் பெயிண்ட் வாசம்.

இப்போது சுவர் முழுக்க மாமாவின் படங்கள். கடைசியில் மாட்டியிருந்தது இன்னும் காயவில்லை. பச்சைக் கோடு போட்ட, முனை உடைந்த வள்ளம். என் தம்பியுடையது. பேர் மட்டும் இல்லை. விடியக்காலையில்தான் அதில் கடலுக்குப் போயிருந்தான். படத்துக்குக் கீழே பெயிண்ட் டப்பாவோடு மாமா உட்கார்ந்திருந்தார்.

"மாமா, பேரை எழுதிருங்க."

மாமா பிரஷ்ஷை எடுத்து, படத்தருகே கொண்டுபோய், அப்படியே நின்றார்.

"காலையிலேர்ந்து பாக்கேன், ஏளா. கை போவமாட்டேங்கு."